டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு ‘ஸ்டேஜ் 3’ கிளச் போடலாமா?

கேள்வி: கல்முனையில் இருந்து தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வருகிறேன். என்னுடைய கார் 2001ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், ஐந்து கியர். டர்போவும் எக்ஸோஸ்டும் மாற்றி ட்யூன் செய்த பிறகு 350 குதிரைவலு வருகிறது என்றார்கள். இப்போது நாலாம் கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. ‘ஸ்டேஜ் 3’ ஆறு துண்டு செராமிக் கிளச் போடச் சொல்கிறார்கள். கொழும்பில் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். போடலாமா? சில நாட்களில் மனைவியும் இந்தக் காரை ஓட்டுவார்.

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் காருக்குப் பொருத்தமானது முழு வட்டமாக ஓர்கானிக் பூச்சு (சாதாரண கார்களில் வருகிற மென்மையான வகை) உள்ள, நடுவில் ஸ்பிரிங் உள்ள கிளச் பிளேட். அதோடு, அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற, ஒரிஜினலை விடக் கொஞ்சம் இறுக்கமான பிரஷர் பிளேட்.

காரணத்தைச் சொல்கிறேன். விரால் மீனைக் கையில் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். நழுவாமல் இருக்க ஒன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கையில் சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும். கிளச்சிலும் வழி இந்த இரண்டும்தான். இறுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட், சாம்பல் என்பது பிளேட்டின் பூச்சு. செராமிக் என்பது அள்ளிப் பூசிய சாம்பல் மாதிரி. தொட்ட உடனே கவ்வும், மெதுவாகக் கவ்வவே தெரியாது.

பந்தயத் திடலில் அது நல்ல குணம். ஆனால் நீங்கள் காலையில் காத்தான்குடி பிரதான வீதியில், பேரீச்சை மர வரிசைக்குப் பக்கத்தில், ஓட்டோவுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பின்னால் அரை அடி அரை அடியாக நகர வேண்டியவர். அங்கே செராமிக் பிளேட் ஒவ்வொரு முறையும் காரை உதறும். அப்படி உதறாமல் இருக்க பெடலை அரைவாசியில் பிடித்து ஓட்டுவீர்கள், பிளேட் உரசும் ஃபிளைவீல், அதாவது எஞ்சினோடு சுழலும் கனத்த தட்டு, சூடாகி நீலம் பாயும். உங்கள் மனைவி இரண்டு நாளில் சாவியைத் திருப்பித் தந்துவிடுவார்.

இன்னொன்று. இந்த ஐந்து கியர் பொக்ஸ் கூடுதல் பலத்தைத் தாங்குவதில் பேர் வாங்கிய பொக்ஸ் இல்லை. அளவாகப் பிடிக்கும் கிளச் சரியான நேரத்தில் கொஞ்சம் நழுவி கியர்ப் பற்களைக் காப்பாற்றும். செராமிக் நழுவாது, அந்த அடி முழுவதும் பல்லில் போய் விழும். பொக்ஸ் போனால் செலவு கிளச்சோடு நிற்காது.

350 குதிரைவலு என்கிற கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த எஞ்சின் ஜப்பானிய உயர் ஒக்டேன் பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டது. நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 92உம் 95உம். ஒரிஜினலாக இதற்கு 250 குதிரைவலு, முறுக்குவிசை 333 நியூட்டன் மீற்றர். கிளச்சுக்கு முக்கியம் குதிரைவலு அல்ல, எஞ்சின் திருப்பும் பலமான முறுக்குவிசை. டைனோவில் (பலத்தை அளக்கும் இயந்திரத்தில்) ஏற்றி எடுத்த தாள் இருக்கிறதா என்று ட்யூன் செய்தவரிடம் கேளுங்கள். முறுக்குவிசை 400 நியூட்டன் மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 500 தாங்கும் கிளச் போதும். அந்த 500 ஃபிளைவீலில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

இனி ‘ஸ்டேஜ்’ என்கிற சொல். இதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. கிளச் செய்யும் எக்ஸெடி நிறுவனம் ஓர்கானிக் பிளேட்டை ஸ்டேஜ் 1 என்கிறது, செராமிக்கை ஸ்டேஜ் 2 என்கிறது. வேறு நிறுவனம் வேறு மாதிரி எண் போடும். எண்ணைச் சொல்லி விற்பவரிடம், பூச்சு என்ன, எத்தனை நியூட்டன் மீற்றர் தாங்கும், பார்ட் நம்பர் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதி விலைக்காரரைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் பயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குத் திரும்பவும் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களை இழுத்துப் பறித்து ஓட்டிய சனத்தின் தலையில் எதையெல்லாம் கட்டினார்கள் என்பதை என் கராஜிலேயே பார்த்தேன். பழைய பிளேட்டுக்குப் புதிய பூச்சு ஒட்டி, பிரஷர் பிளேட்டுக்குப் பெயின்ட் அடித்து, புதுப் பெட்டியில் போட்டு வரும். பில் இருக்காது. பழுதானால் கொழும்புக்கு அனுப்பு என்பார்கள், அனுப்பினால் ‘ஓட்டின பிழை’ என்று பதில் வரும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம்தான், ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டுவது? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவன் ஒரு பொருளுக்கு நியாயம் கேட்க முந்நூறு கிலோமீற்றர் ஓட வேண்டும் என்பதை இன்னும் எத்தனை காலத்துக்குப் பொறுப்பது?

பொருள் கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேட்டின் நடுத்துளைக்குள் இருக்கும் பற்களின் ஒரு பக்கம் தேய்ந்து கண்ணாடி போல மினுங்கினால் அது ஓடிய பிளேட். குலுக்கினால் ஸ்பிரிங் கிலுகிலுவென்றாலும் அப்படித்தான். பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளில் வட்டமாகத் தேய்ந்த அடையாளம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நானும் ஒருமுறை தரகரை நம்பி வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படி ஒன்றை வாங்கிப் போட்டு, இரண்டு மாதத்தில் என் கைக்காசில் கழற்றி மாற்றினேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் பிளேட் பலம் இல்லாமல் நழுவுகிறதா, ஒயில் பட்டு நழுவுகிறதா? எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் எஞ்சினின் பின்பக்கத்தில் ஒயிலைத் தடுக்கும் வளையமான பின் கிராங்க் சீல் கசியலாம், அல்லது அதற்கு மேலே உள்ள மூடித் தகடான ஒயில் செப்பரேட்டர் பிளேட் கசியலாம். இந்த எஞ்சின்களில் சிலவற்றுக்கு அதைப் பிளாஸ்டிக்கில் போட்டிருக்கிறார்கள், அது வளைந்து கசியும், உலோகத்தில் மாற்றுங்கள். வால்வு கவரில் இருந்து வழியும் ஒயிலும் பின்னால் ஓடி வந்து ஏமாற்றும், அதனால் முதலில் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சீல், செப்பரேட்டர் இரண்டுமே ஃபிளைவீலைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். கசிவை விட்டுவிட்டு எவ்வளவு விலையான பிளேட் போட்டாலும் அதுவும் ஒயில் குடித்து நழுவும். இந்த ஒன்றைப் பார்க்காமல் மூன்று கிளச் மாற்றிய கார் எனக்குத் தெரியும்.

ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுங்கள், அதாவது பிளேட் உரசும் பக்கத்தைச் சீவிச் சமன் செய்யுங்கள். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டும் புதிதாக இருக்கட்டும். உங்கள் கார் இழுப்பு வகைக் கிளச் (பெடலை மிதித்தால் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளாமல் இழுக்கும்), அதற்குரிய பேரிங்கையே கேளுங்கள். அப்புறம் 800 கிலோமீற்றர் வரை டர்போவை ஏற்றாமல் ஓட்டுங்கள். கொழும்புக்குப் போய் வந்து கணக்கை முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், நெடுஞ்சாலையில் கிளச் மிதிக்கும் வேலையே குறைவு. பிளேட் படிவது காத்தான்குடி நெரிசலில்தான்.

கியர் பொக்ஸ் இறக்கும் நாளில் லீவு போட்டுவிட்டு நீங்களே கராஜில் நில்லுங்கள். பழைய பிளேட்டை அவர்களிடம் விடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.