உம்மம்மாவின் கடிதக்கட்டு: எழுத்து அரபு, பேச்சு தமிழ்

கேள்வி: பினாங்கு சூலியா தெருப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்கிறோம். உம்மம்மாவின் (அம்மாவின் அம்மா) தகரப்பெட்டியில் ஒரு கட்டுக் கடிதம் கிடைத்தது. எல்லாம் கீழக்கரையிலிருந்து அவருடைய ராத்தா (அக்கா) எழுதியவை. எழுத்து அரபு, ஆனால் இங்குள்ள மலாய் உஸ்தாஸ் ஒன்றும் புரியவில்லை என்கிறார். மாமாவோ, “ஆயத்து (குர்ஆன் வசனம்) இருக்கும், மண்ணில் புதைத்துவிடு” என்கிறார். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து புதைத்துவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது அரபுத்தமிழ். ட, ப, ழ போல அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் சுழியும் கூட்டித் தமிழை எழுதிய முறை. உயிர்க்குறிகளையும் பெரும்பாலும் விடாமல் போட்டிருப்பார்கள். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் அப்படி இருக்காது. பார்த்ததுமே வித்தியாசம் தெரியும்.

அந்தக் காலத்தில் நம் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் குர்ஆன் ஓதப் படித்திருந்தார்கள். அந்த எழுத்தை வைத்தே கடிதம் எழுதினார்கள், மார்க்க நூல்களும் படித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘மஃகானி’ போன்ற அரபுத்தமிழ் நூல்கள் வீடுகளில் புழங்கின. கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு முனாஜாத்தில் (இறைவனை இறைஞ்சும் பாட்டு) நாலு வரி, ஒரு துஆ (பிரார்த்தனை), ஒரு மசாயில் (மார்க்கச் சட்ட விளக்கம்) என்று கடிதத்திலேயே எழுதி அனுப்புவது அக்காமார்களுக்குச் சாதாரண விஷயம்.

இதைப் படிக்க இரண்டு பேர் வேண்டும். எழுத்துக்கூட்டி ஓதத் தெரிந்தவர் ஒருவர், கீழக்கரைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் ஒருவர். இப்படி ஒரு கடிதத்தை ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து படித்திருக்கிறேன். பேரன் அர்த்தம் தெரியாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்த பாட்டி திடீரென்று, “நில்லு, ‘காய்ச்சல் வுட்டிருச்சா’ன்னு கேக்குறா” என்றார். அதற்கு அடுத்த வரியிலேயே ஒரு பைத்து (மார்க்கப் பாட்டு). அதன் கீழே, ‘மனப்பாடம் பண்ணிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு’. பாட்டி அந்தப் பைத்தை ராகத்தோடு பாடியே காட்டிவிட்டார். ஆகவே படிக்கும்போது போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் ராகம் இருக்காது.

தலைப்பில் 786 இருந்தால் அது பிஸ்மில்லாஹ்வுக்கான எண், தேதி அல்ல. தேதி ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். 1370 என்றிருந்தால் 1950 அக்டோபரில் தொடங்கிய ஆண்டு. தபால் முத்திரையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், உறையைத் தூக்கிப் போட வேண்டாம்.

காகிதத்தைப் பொறுத்தவரை, லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பினாங்கு ஈரத்துக்குத் தகரப்பெட்டி ஆகாது. அமிலமில்லாத உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மாமாவின் கவலை நியாயமானது. ஆயத்து எழுதிய தாள் காலடியில் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் புதைக்கச் சொல்கிறார். உயரமான இடத்தில் பத்திரமாக வைப்பதும் அதே மரியாதைதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், கீழக்கரையில் அந்த ராத்தாவின் பிள்ளைகள் வீட்டிலும் விசாரியுங்கள். உங்கள் உம்மம்மா எழுதிய பதில்கள் அங்கே ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கலாம்.