மார்பகத் திசு அடர்த்தி அதிகம் என்று அறிக்கை வந்தால் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

உங்களுக்கு வயது 44, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் அடர்த்தி ‘சி’ பிரிவு என்று போட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களால்தான் அடர்த்தி கூடுகிறது என்று எங்கோ படித்துவிட்டு, அவற்றில் ஒன்றான ஐஜிஎஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1) பார்க்கலாமா, பாலை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதையும் இல்லை.

நானும் ‘சி’ பிரிவுதான். படித்தது உயிர்வேதியியல் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டாமல் இருக்க முடியவில்லை.

அடர்த்தி என்றால் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை எவ்வளவு என்பதுதான் அடர்த்தி. ஏ முதல் டி வரை நான்கு பிரிவு; டி-தான் மிக அடர்த்தி. 40 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சி அல்லது டி. ஆகவே இது நோய் அல்ல. சிக்கல், கட்டியும் வெள்ளையாகவே தெரியும் என்பது. தவிர, அடர்த்தியே ஆபத்தைக் கூட்டுகிறது: படத்தில் 75 சதவீதத்துக்கு மேல் வெள்ளையாக இருப்பவர்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்களைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு நான்கைந்து மடங்கு. இது இரண்டு எல்லைகளுக்கு இடையிலான ஒப்பீடு, உங்களையும் சராசரிப் பெண்ணையும் வைத்துச் சொன்னது அல்ல.

சரி, ஐஜிஎஃப்-1 எங்கே வருகிறது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் சொல்ல, கல்லீரல் இதைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. பெரும்பகுதி ஐஜிஎஃப்பிபி-3 போன்ற புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். தனியாக இருப்பது மிகக் கொஞ்சம். செல்களைப் பிரிந்து பெருகச் சொல்வதும், சாகவேண்டிய செல்லைச் சாகவிடாமல் வைப்பதும் இதன் வேலை. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு கைகோத்து வேலை செய்கிறது. எனவே சுரப்பித் திசு கூடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. 2000-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நிற்காத பெண்களில் ஐஜிஎஃப்-1 கூடியிருந்தவர்களுக்கு அடர்த்தியும் கூடியிருந்தது; மாதவிடாய் நின்றவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவில்லை.

புற்றுநோய் விஷயத்திலும் அதே கதைதான். 1998-ல் ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் இருக்கும் மாதவிடாய் நிற்காத பெண்களில் ஐஜிஎஃப்-1 அதிகம் இருந்தால் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் என்றது. பெரிய பரபரப்பு. 2010-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மிக அதிக அளவு உள்ளவர்களுக்கும் மிகக் குறைந்த அளவு உள்ளவர்களுக்கும் இடையே ஆபத்தில் வித்தியாசம் சுமார் 28 சதவீதம்தான் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்தால்தான் கண்ணில் படும் வித்தியாசம் அது. ஒருத்தியின் ரத்தத்தில் எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்றபின் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 குறையும். ஆனால் ஈஸ்ட்ரோஜனும் புரொஜஸ்டினும் (இன்னொரு பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம்) சேர்ந்த மாத்திரை மார்பக அடர்த்தியைக் கூட்டும்! ரத்த அளவும் திசுவும் எதிரெதிர்த் திசையில் போகலாம். மார்பகத் திசு தனக்கு வேண்டிய ஐஜிஎஃப்-1-ஐத் தானே தயாரித்துக்கொள்வதும் உண்டு; அது ரத்தப் பரிசோதனையில் சிக்காது.

பரிசோதனைக்குப் பதிலாக மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: என் குடும்ப வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் அல்ட்ராசவுண்டு கூடுதலாக வேண்டுமா? டி பிரிவு என்றால் எம்ஆர்ஐ பற்றியும் கேட்கலாம். நெதர்லாந்தில் அந்தப் பிரிவினருக்கு எம்ஆர்ஐயும் செய்ய முன்வந்து பார்த்த ஆய்வில், இரண்டு மேமோகிராமுக்கு நடுவில் தலைகாட்டும் புற்றுநோய் 1000 பேருக்கு 5-லிருந்து 2.5 ஆகக் குறைந்தது. இடையில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த மேமோகிராம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், பால். பால் நிறையக் குடிப்பவர்களுக்கு ஐஜிஎஃப்-1 கொஞ்சம் கூடுதலாக இருப்பது உண்மை. அதற்காக நிறுத்தினால் மார்பக அடர்த்தி குறையும் என்று காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. பிடித்தால் குடியுங்கள்.