மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்விகள்: பழைய வீட்டு வயரிங்கும் எர்த்தும்

எங்கள் வீடு கட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மர ரீப்பரில் ஓடும் வயரிங். பிளக் பாயின்டெல்லாம் இரண்டு ஓட்டையாக இருந்ததை, போன மாதம் மூன்று ஓட்டையாக மாற்றிவிட்டோம். அப்படியும் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது. எர்த் போட்ட பிறகும் ஏன்?
— வாசகி, காரைக்குடி

ஓட்டைதான் போட்டிருக்கிறார்கள், எர்த் போடவில்லை. ரீப்பரில் ஓடுவது பெரும்பாலும் இரண்டே வயர்: மின்சாரம் வரும் ஃபேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல். சாக்கெட்டை மாற்றினால் மூன்றாவது வயர் தானாக முளைத்துவிடாது. மெயினை அணைத்து, போர்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். மேலே உள்ள பெரிய ஓட்டையின் டெர்மினல் வெறுமையாக இருக்கும்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றில் நல்ல நிலையிலும் கொஞ்சம் மின்கசிவு இருக்கும். எர்த் இருந்தால் அது அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடியிலேயே நிற்கும். டெஸ்டரின் சின்ன நியான் விளக்குக்கு அந்தச் சொற்பக் கசிவே போதும். ஆகவே டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் எர்த் சரியாகும்வரை வெறுங்காலோடு அதைத் தொடவும் வேண்டாம்.

இனிமேல்தான் கவனம் தேவை. "இதோ ஒரு நிமிஷத்தில் சரி செய்கிறேன்" என்று ஒருவர் வருவார். இரண்டு அங்குல வயர்த் துண்டு ஒன்றை வெட்டி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் டெர்மினலையும் இணைத்துவிடுவார். சுர்ரென்பது உடனே நின்றுவிடும். அவருக்குக் காசும் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். பழைய வீட்டில் செய்யக்கூடிய வேலைகளிலேயே மோசமானது அதுதான்.

உங்கள் மெயின் போர்டைப் பாருங்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, பீங்கான் ஃப்யூஸ் ஃபேஸில் ஒன்று, நியூட்ரலில் ஒன்று என்று இரண்டு இருக்கலாம். என்றாவது நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் வீடு இருட்டாகிவிடும். ஆனால் ஃபேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஒரு பல்பு போதும். அதன் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்கு வந்து, அந்த வயர்த் துண்டு வழியாக ஃப்ரிட்ஜ் பாடிக்கு ஏறிவிடும், முழு 230 வோல்ட்டாக. கரன்ட்தான் இல்லையே என்று ஒருவர் கதவைத் திறக்கும் நேரமும் அதுவே. தெருக் கம்பத்தில் வேலை பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் இதே கதிதான். அப்போது ஃப்யூஸ்கூடப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் முறையாக எர்த் போட என்னென்ன வேண்டும்? முழு வயரிங்கையும் மாற்றியே ஆக வேண்டுமா?
— வாசகர், கும்பகோணம்

முதலில் மண்ணில் இறங்கும் பாகம். வீட்டுக்குப் பைப் எர்த் போதும்: 40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 2.5 மீட்டர் நீளம், பக்கவாட்டில் 12 மி.மீ. துளைகள். சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் குழி எடுத்து, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் சின்னத் தொட்டியும் மூடியும் வைப்பார்கள். காவிரிக் கரை ஈர மண்ணில் இது சுலபமாகக் குறைந்த மின்தடையைக் கொடுக்கும். காரைக்குடிப் பக்கத்துச் செம்புறாங்கல்லில் ஒரு குழாய் போதாமல் போகலாம். அப்போது இன்னொன்றைக் குறைந்தது ஒரு குழாய் நீளம் தள்ளி இறக்கி, இரண்டையும் இணைக்க வேண்டும். கோடையில் வாரம் ஒரு முறையாவது ஒரு வாளி தண்ணீர். உப்பு மின்தடையைக் குறைக்கும், ஜி.ஐ. குழாயையும் அரிக்கும். அதனால் சில வருஷங்களுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து கிளாம்பைப் பார்ப்பது அவசியம்.

குழியிலிருந்து மெயின் போர்டுக்கு 8 கேஜ் ஜி.ஐ. கம்பியோ தகுந்த செம்புக் கம்பியோ வர வேண்டும். குழாயில் கம்பியை முறுக்கிவிட்டுப் போகக் கூடாது. லக், போல்ட், வாஷர் போட்டு இறுக்க வேண்டும். "எர்த் இருக்கு, வேலை செய்யலை" என்கிற பல வீடுகளில் கோளாறு இந்த ஒரு முடிச்சில்தான்.

பிறகு போர்டிலிருந்து ஒவ்வொரு பாயின்டுக்கும் பச்சை செம்பு வயர். அந்தப் பாயின்டுக்குப் போகும் ஃபேஸ் வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். என்றால் எர்த்தும் 2.5; ஃபேஸ் 4 என்றால் இதுவும் 4. எர்த் வழியில் எங்கேயும் சுவிட்சோ ஃப்யூஸோ வரக் கூடாது.

முழு வயரிங்கையும் மாற்றுவதா என்பதை ரப்பர்தான் சொல்லும். பழைய ரப்பர் வயரை லேசாக வளைத்தால் தோல் பொடிப்பொடியாக உதிர்கிறதா? உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன் பக்கத்தில் பச்சை வயர் இழுத்துப் பயனில்லை. உதிரவில்லை என்றால் 500 வோல்ட் மெக்கர் (வயர்த் தோலின் காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை விட்டுவைக்க வேண்டாம். வயர் நன்றாக இருந்தால், ரீப்பரை ஒட்டி பி.வி.சி. கேசிங்கில் எர்த் வயரை மட்டும் தனியாகக் கொண்டுபோகலாம். மின் கம்பியாளர் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள்.

எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டினால் போதும் என்கிறார்களே?
— வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். ஜி.ஐ. குழாய் நடுவில் எங்கேயோ பி.வி.சி.யாக மாறியிருக்கும். அதற்குப் பிறகு அந்தக் குழாய் மண்ணோடு சேராது, குளிக்கிறவர் கையோடுதான் சேரும்.

எங்கள் அடுக்ககத்தில் எர்த் 5 ஓம்தான், நல்ல அளவு என்கிறார்கள். எம்.சி.பி.யும் இருக்கிறது. அப்புறம் ஆர்.சி.சி.பி. எதற்கு? போட்டதிலிருந்து ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது.
— வாசகி, சென்னை

எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரன்ட் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்; ஆர்.சி.சி.பி. போன கரன்டும் திரும்பி வந்த கரன்டும் சமமில்லை என்றால், அதாவது கசிவு இருந்தால், விழும் சுவிட்ச். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கீசருக்குள் ஃபேஸ் பாடியைத் தொட்டால், 5 ஓம் எர்த்தில் பாயக்கூடியது 230 ÷ 5 = 46 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழ 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும், சிலவற்றுக்கு 160 வரைகூட. 46-க்கு அது சூடேறிச் சில நொடிகள் கழித்துத்தான் விழும்; அதுவரை கீசர் பாடியில் மின்சாரம். மண் காய்ந்து எர்த் 20 ஓம் ஆகிவிட்டால் 11.5 ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி. விழவே விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு இந்த இரண்டு நிலையுமே தாராளம். ஆள் பாதுகாப்புக்கு 30-தான். 100, 300 என்று விற்பதை வாங்கிவிட வேண்டாம். ஓவர்லோடை அது கவனிக்காது, அதனால் எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும்.

பழைய வீட்டுக்காரர்களுக்கும் இங்கேயே ஒன்று: கையில் பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஆர்.சி.சி.பி. போடுங்கள். எர்த் இல்லாமலும் அது வேலை செய்யும். ஒரே குறை, கசிவு எர்த்தில் போக வழியில்லாததால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை அதனாலும் காப்பாற்ற முடியாது.

ட்ரிப் ஆவதற்கு வருவோம். இன்வெர்ட்டர் இருக்கிறதா? ஃபேஸ் ஆர்.சி.சி.பி. வழியாகப் போய், நியூட்ரல் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் திரும்பினால், போனதும் வந்ததும் சமமாக இராது, விழத்தான் செய்யும். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரே போர்டில் சேர்த்து முறுக்கியிருந்தாலும் அப்படித்தான். நியூட்ரல்களைப் பிரித்த பிறகும் விழுந்தால், எல்லா பிளக்கையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கீசர், மோட்டார், மழையில் நனையும் வெளி விளக்கு மூன்றையும் முதலில் சந்தேகப்படலாம். விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள்.

மாதம் ஒரு முறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். அது ஆர்.சி.சி.பி.யை மட்டும் சோதிக்கும், எர்த்தை அல்ல.

எர்த் சரியாக இருக்கிறதா என்று குண்டு பல்பு வைத்துப் பார்க்கலாமா?
— வாசகர், மதுரை

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 வாட்ஸ் பல்பு பிரகாசமாக எரிந்தால் வழி அறுபடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதில் பாய்வது கால் ஆம்பியர். எர்த் 50 ஓம் இருந்தாலும் 13 வோல்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. எர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால், பல்பை வைத்த நொடியில் அதே வயரில் உள்ள எல்லாப் பாடியிலும் மின்சாரம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழுந்துவிடும். ஓம் அளவு வேண்டுமென்றால் மண்ணில் இரண்டு முளை அடித்துப் பார்க்கும் எர்த் டெஸ்டர்தான் வழி.

அயர்ன் பாக்ஸின் மூன்று பின் பிளக் பழைய பாயின்டில் நுழையவில்லை. மேல் பின்னை வெட்டிவிட்டேன். செல்போன் சார்ஜருக்கு இரண்டு பின்தானே இருக்கிறது?
— வாசகர், தென்காசி

சார்ஜர் இரட்டைக் காப்புள்ள பிளாஸ்டிக் பொருள். கை படும் இடத்தில் மின்சாரம் ஏறக்கூடிய உலோகம் கிடையாது. அயர்ன் பாக்ஸ் முழுக்க உலோகம். பிளக்கை மாற்றிவிடுங்கள், எர்த் உள்ள பாயின்டில் மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். மேல் பின் நீளமாக இருப்பதே செருகும்போது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியில் விடுவதற்காக. புதிய பிளக்கைப் பூட்டும்போதும் பச்சை வயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் ஃபேஸ் முதலில் பிய்ந்து வரும், எர்த் கடைசியில்.