நின்றால் உதறல், மிதித்தால் சீர்: வேக்கம் கசிவைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்ஜின் உதறுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சீராகிவிடுகிறது, ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் வேக்கம் கசிவின் மேல்தான், அதாவது காற்றுக் குழாயில் எங்கோ விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே புகுவது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் கணக்கில் வராத காற்று சிறிது புகுந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். மிதித்துக் காற்று கூடும்போது அதே கசிவு பெரிதாகத் தெரியாது.

பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து விறைத்திருக்கும். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். என் வண்டியில் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் காற்று வழிக்குத் திருப்பிவிடும் குழாய்) மேலிருந்து பார்க்கப் புதிதுபோல இருந்தது. வளைத்ததும் அடிப்பக்கம் வாய் பிளந்தது. இன்ஜின் ஓடும்போது ஹோஸ்கள் மேல் கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

ஹோஸ்கள் சரியாக இருந்தால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பிளக் ஒயர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும்: செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். ஹோஸ்களைப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.