கடலூரில் பழைய வீட்டின் தரையை மாற்றுகிறோம். பல ஆண்டுகள் உழைக்க எதைப் போடலாம்?

கிரானைட் போடுவதா, விட்ரிஃபைட் டைல்ஸ் (மிகுந்த சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய ஓடு) போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய சிமெண்ட் தரையில் சுவரோரமாக வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றும் அதே கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அந்த உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரையை மாற்றியபோது எங்களுக்கும் இதுவே முதல் சிக்கலாக இருந்தது.

கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி ஈரம் தனியாக மேலே வருவதில்லை. மண்ணில் கரைந்திருக்கும் உப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. தரையின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் அங்கேயே படிகமாகி, சிமெண்டைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கிறது. இதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கல்லைப் பதித்தாலும், உப்பு இணைப்பு இடைவெளிகள் வழியாக வெளியே வரும். வெளிர்நிறக் கிரானைட்டாக இருந்தால் ஈரக்கறை கல்லிலேயே தெரியும்.

ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்தால், அடியில் நீர் முத்துகளோ கருத்த ஈரமோ இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஈரம் இருந்தால், பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பழைய தளத்தைப் பெயர்த்து, உப்பேறிய மண்ணை இயன்ற ஆழம் அகற்றி, உப்பில்லாத மணலைப் படிப்படியாக நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும். அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாளை, ஒன்றன் மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி விரித்து, சுவரோரத்தில் சற்று மேலே மடித்துவிட்டு, பிறகு சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 விகிதத்தில் நான்கு அங்குல ஜல்லிக் கான்கிரீட் போட வேண்டும். கலவைக்கு நல்ல தண்ணீர் தேவை. வீட்டுப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள். இல்லையெனில், கீழே தாள் விரித்துத் தடுத்த உப்பை மேலே நாமே கலந்து ஊற்றியதாகிவிடும். இந்தத் தாள் தரையைத்தான் காக்கும். சுவரில் ஏறும் ஈரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இனி, எதைப் போடுவது என்பது. மார்பிளும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தவை. புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் ஆகியவை பட்டால் மெருகு போய்விடும். ஆத்தங்குடி ஓடுகளின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவை சூளையில் சுடாத சிமெண்ட் ஓடுகள், ஈரத்தை உறிஞ்சக்கூடியவை, எனவே உப்பு ஏறும் தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லேமினேட் மரத்தரையைப் பற்றி நம் ஊர்க் காற்றில் யோசிக்கவே வேண்டாம். கிரானைட் உறுதியானது, கீறல் எளிதில் விழாது. செலவும் எடையும் மட்டுமே தடை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது விட்ரிஃபைட். அது 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். கடையில் டைல்ஸின் பின்புறத்தில் சில சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சாதாரண செராமிக் உடனே குடித்துவிடும், இது குடிக்காது. கூடத்துக்கு, நிறப்படலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமன் வரை செல்லும் டபுள் சார்ஜ் வகை நெடுநாள் உழைக்கும். குளியலறைக்கும் தாழ்வாரத்துக்கும் சொரசொரப்பான மேட் வகையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள், வீட்டில் முதியவர்கள் இருந்தால் கண்டிப்பாக. இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிக்கும் முறையில்தான் மேஸ்திரியோடு பேச வேண்டியிருக்கும். பழக்கத்தின்படி கலவை பரப்பிச் சிமெண்ட் பால் ஊற்றிப் பதிக்க விரும்புவார்கள். நீரை உறிஞ்சாத டைல்ஸின் உள்ளே சிமெண்ட் பால் இறங்காது என்பதால் பிடிப்புக் குறைவு. சில ஆண்டுகளில் கோடைச் சூட்டில் நடுக்கூடத்தில் டைல்ஸ் தூக்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக் குறியுள்ள, விட்ரிஃபைட்டுக்கு உரிய பசையை, பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் தடவச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். சூட்டில் விரிய இடமின்றி டைல்ஸ் ஒன்றையொன்று தள்ளுவது அதனால்தான். டைல்ஸுக்கு இடையே இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி விடும் சிறு துண்டு) வைத்து, சுவரோரத்தில் எட்டு மில்லிமீட்டராவது விட்டு, அதைச் சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டையால் மறைத்துக்கொள்ளலாம். சமையலறையிலும் குளியலறையிலும் இணைப்புகளுக்குச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்புங்கள். விலை அதிகம்தான், ஆனால் கறையும் நீரும் உள்ளே இறங்காது.

மறுநாள் ஒவ்வொரு டைல்ஸையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள இடம் தனி ஓசை தரும். இணைப்பு நிரப்புவதற்கு முன்பே அதைக் கழற்றி மாற்றச் சொல்ல வேண்டும். குளியலறையில் ஒரு வாளி நீர் ஊற்றி, வாட்டம் சரியாக வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று மேஸ்திரி இருக்கும்போதே பாருங்கள். வாங்கும்போது கணக்குக்கு மேல் பத்து சதவீதம், பெட்டிகளில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்கும்படி பார்த்து வாங்கி, மிஞ்சியதைப் பரணில் வைத்துவிடுங்கள். பிறகு ஒன்று உடைந்தால் அதே சாயலில் கடையில் கிடைக்காது.