இந்தி மீடியத்தில் படித்தவர் ஆங்கிலத்தின் கடினமான சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

கான்பூரில் இந்தி மீடியத்தில் படித்த உங்கள் மனைவி மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குத் தயாராகிறார், கடினமான ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்கவில்லை, எந்த வேர்ட் லிஸ்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். லிஸ்ட் இருக்கட்டும். முதலில் அவருடைய பழைய இந்தி இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தில்லியில் இந்தி மீடியம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுப்பவன் நான்; விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதில் 'உபசர்க்' என்று ஒரு பாடம் இருக்கும். அ, துர், பரி, ப்ர என்று முன்னொட்டுகளை உருப்போட்டு மார்க் வாங்கியிருப்பார். ஆங்கிலத்தில் மிரட்டுகிற சொற்களில் பெரும்பாலானவை லத்தீனும் கிரேக்கமும் தந்தவை. அவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய மொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786இலேயே கல்கத்தாவில் பேசிவிட்டார். துர்தான் டிஸ்ஃபங்ஷனில் வரும் டிஸ் (dys). வட்டத்தின் சுற்றளவுக்கு இந்தியில் 'பரிதி'; அந்த பரிதான் பெரிமீட்டரிலும் பெரிஃபெரியிலும் இருக்கிறது. ஞானத்தின் முன்னால் அ சேர்ந்தது அஞ்ஞானம் என்று தெரிந்தவருக்கு, கடவுள் உண்டா என்பதை அறிய முடியாது என்பவரைக் குறிக்கும் அக்னாஸ்டிக் எதற்கு மனப்பாடம்? ம்ருத்யுவுக்கு மார்ட்டல், யுவாவுக்கு ஜுவனைல், அக்னிக்கு இக்னைட், நவ் என்பதற்கு இன்னோவேட். ஆனால் ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவாகிவிடாது. கெட்ட பெயரைக் குறிக்கும் 'பத்னாம்' என்பதில் வரும் பாரசீக 'பத்' என்பதற்கும் ஆங்கில 'பேட்' என்பதற்கும் பொருள்கூட ஒன்றுதான், ஆனாலும் சொந்தம் கிடையாது. சந்தேகம் வந்தால் அகராதியில் சொல்லின் வரலாற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு மூலதனமும் அவர் கையில் இருக்கிறது. உதவியை வீட்டில் 'மதத்' என்பார். அதையே அரசு அறிவிப்பு 'சஹாயதா' என்னும். முயற்சிக்கு கோஷிஷும் ப்ரயாஸும் அப்படித்தான். ஹெல்ப் எங்கே, அசிஸ்டன்ஸ் எங்கே, ட்ரை எங்கே, எண்டெவர் எங்கே என்ற நெளிவுசுளிவு அவருக்கு இந்தியிலேயே பழக்கம்.

வழுக்கும் இடம் வேறு. 'தேஜ்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மழையும் தேஜ், காய்ச்சலும் தேஜ், குரலும் தேஜ், கத்தியும் தேஜ். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காய்ச்சலுக்கு ஹை, குரலுக்கு லவுட், கத்திக்கு ஷார்ப். லிஸ்டில் தேஜ் என்று பொருள் போட்டு ஒரு சொல்லைப் படித்தவர் 'ஃபாஸ்ட் ரெயின்' என்று எழுதுவது இதனால்தான். தவறு செய்வதைக் குறிக்கும் 'கலதி கர்னா', 'மேக் எ மிஸ்டேக்' ஆகாமல் அப்படியே 'டூ (do) மிஸ்டேக்' ஆவதும் இதே கோளாறு. ஷ்ரூட், கன்னிங், அஸ்ட்யூட் எல்லாவற்றுக்கும் எதிரே 'சாலாக்' (சாமர்த்தியசாலி, தந்திரசாலி) என்று அச்சடித்த புத்தகங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அஸ்ட்யூட் பாராட்டு, கன்னிங் பெரும்பாலும் வசவு. எதிர்ச்சொல் கேள்வியில் இது தெரியாமல் போனால் அரை மதிப்பெண் கழிந்துவிடும்.

அதனால் நோட்டில் தனிச்சொல் எழுத வேண்டாம். இடப்பக்கம் இந்தித் தொடர், வலப்பக்கம் அதற்கு ஆங்கிலத்தில் நிஜமாகப் புழங்கும் தொடர். எங்கிருந்து எடுப்பது? ஒரு செய்தியை முதலில் இந்தி நாளிதழில் படிக்கட்டும், பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கண் சொற்களின் மேல் நிற்கும். பட்ஜெட், நீதிமன்றத் தீர்ப்பு, வெள்ளம் மாதிரியான செய்திகள் இதற்கு நல்ல தீனி.

இந்தத் தேர்வின் முதல் கட்டமான டியர் ஒன்றில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்கும் கேள்விகளில் வேர்ச்சொல் அறிவு நேராகக் கைகொடுக்கும். இடியம்ஸ் என்ற மரபுத்தொடர்களுக்கு உபசர்க் உதவாது. அதற்கு மட்டும் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.