சரித்திரக் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு நேரம் எதில் போகிறது?

காதல் காட்சியில் இல்லை, குறிப்பெடுப்பதில்தான். இங்கிலாந்தின் ஜார்ஜெட் ஹேயரையே பாருங்கள். உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுதுபோகச் சொன்ன கதை, 1921-ல் அவருடைய முதல் நாவலாக வந்தது. அப்போது வயது 19.

பிறகு ரீஜென்சி காலம் (1811-1820, இங்கிலாந்தில் நோயுற்ற ராஜாவுக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம்) அவருடைய பேட்டை ஆகிவிட்டது. தொப்பி, மூக்குப்பொடி டப்பி, அந்தக் காலக் கொச்சைப் பேச்சு என்று நோட்டு நோட்டாக எழுதி, படமும் வரைந்து வைத்திருந்தார். நாயகன் வண்டியில் வந்தான் என்று சும்மா எழுதிவிட முடியாது. கரிக்கிள் என்றால் இரண்டு சக்கரம், இரண்டு குதிரை, ஓட்டுவது பெரும்பாலும் சொந்தக்காரரே. ஃபீட்டன் என்றால் நாலு சக்கரம். இளவட்டங்கள் பந்தா காட்டியதே இந்த வண்டிகளில்தான், இப்போது பைக் மாதிரி. 1937-ல் வாட்டர்லூ போரை வைத்து ஒரு நாவல் எழுதினார்; அதில் காதலைவிடப் போர்க்களத்துக்குத்தான் பேர் கிடைத்தது.

பேட்டி என்றாலே ஆகாது அவருக்கு. வாசகர்கள் கேட்டது ரீஜென்சி காதல். அவர் ஆசைப்பட்டதோ இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய ஒரு பெரிய நாவல். வரி கட்டப் பணம் வேண்டியிருந்ததால் அதைத் தள்ளித் தள்ளி வைத்தார். 1974-ல் இறந்தபோது அது பாதியில் நின்றது. எழுதிய வரைக்கும் மறு வருடம் அச்சேறியது.